ரோஜாக் குச்சியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: மகளிர் தின மலர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலர்க் குழுவினருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் வந்தால் உங்கள் பாடு பெரும்பாடு என்று தெரியும். அச்சகத்துக்காரர் அவசரப்படுத்துவார். விளம்பரம் தந்தவர் தன் படம் வண்ணத்தில் வரவில்லை என்று கோபிப்பார். முதல்வரின் வாழ்த்துரை கடைசி நாள்வரை வந்து சேராது. இதற்கு நடுவில் ‘சாதனைப் பெண்கள்’ பக்கத்தை யாராவது ஒரு மாணவி தலையில் கட்டிவிடுவீர்கள். அவளும் ஓர் இரவு உட்கார்ந்து இருபது பெட்டிச் செய்திகளை நிரப்பித் தந்துவிடுவாள். என் கல்லூரி நாட்களில் அந்த மாணவியாக இருந்தவள் நான். அதனால் இதைச் சண்டைக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அண்ணன் மகள் இந்த வருட மலரைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஒரு பெட்டி: ‘ஜெங் யூசியூ. சீனாவின் முதல் பெண் வக்கீல். ரோஜாக் குச்சியைத் துப்பாக்கி போலக் காட்டித் தாய்நாட்டைக் காத்த வீராங்கனை.’ பக்கத்தில் ஒரு ரோஜாப் பூ ஓவியம். அவ்வளவுதான். அந்த மலர் மட்டும் இப்படி என்றால் பேசாமல் இருந்திருப்பேன். போன வருடம் வாட்ஸப்பில் வந்ததும் இதே மூன்று வரி. அதற்கு முந்தைய வருடம் ஒரு சங்கத்தின் ஆண்டு மலரில் படித்ததும் இதுதான். ஆக, பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் குடும்பநலக் கோர்ட்டில் வழக்காடுகிறவள். இந்த அம்மாளை நான் தேடிப் போனது ரோஜாவுக்காக இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்தபின் ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்’ என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு வக்காலத்து போட்டிருந்தேன். மண்டபச் செலவு, சீர்த் தட்டு, மானநஷ்டம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். மற்ற நாடுகளில் நிச்சயத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று துழாவியபோது சீனக் குடியரசின் சிவில் சட்டத்தில் ஒரு பிரிவு கண்ணில் பட்டது. பிரிவு 972. ஒரே வரி. நிச்சயம் என்பது சம்பந்தப்பட்ட ஆணும் பெண்ணும் தாங்களே செய்துகொள்ள வேண்டியது. மூன்று பிரிவு தள்ளி, 975இல் இன்னொரு வரி. நிச்சயத்தைக் காட்டி யாரையும் கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது. வருடத்தைப் பார்த்தேன், 1930. அந்தச் சட்டத்தை எழுத அமர்ந்த ஐவரில் ஒரு பெண் இருந்தார் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அப்படித்தான் எனக்கு அறிமுகமானார் ஜெங் யூசியூ. ரோஜாக் கதை பிறகு வந்தது.

அந்தக் கதையை நீங்கள் பாதிதான் போட்டிருக்கிறீர்கள். முழுசாகச் சொன்னால்தான் என் மனத்தாங்கல் புரியும்.

முதல் உலகப் போர் முடிந்து 1919இல் பாரிஸில் சமாதான மாநாடு. சீனா வென்ற அணியில் இருந்த நாடு. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சீனத் தொழிலாளர்கள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர்க்களத்தின் பின்னால் பள்ளம் தோண்டினார்கள், மூட்டை சுமந்தார்கள். அதற்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? ஷாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை வெர்சாய் ஒப்பந்தம் சீனாவிடம் திருப்பித் தராமல் ஜப்பானிடம் தூக்கிக் கொடுத்தது. செய்தி பெய்ஜிங்கை எட்டியதும் மே 4 அன்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கையெழுத்துக்குக் குறித்த நாள் ஜூன் 28. பெய்ஜிங் அரசோ போடு என்றும் சொல்லாமல் போடாதே என்றும் உறுதியாகச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

தூதுக்குழுத் தலைவர் வெளியுறவு அமைச்சர் லு ஜெங்சியாங். உடம்பு சரியில்லாமல் பாரிஸை ஒட்டிய சான்-க்ளூவில் தங்கியிருந்தார். பாரிஸிலிருந்த சீன மாணவர்களும் தொழிலாளர்களும் அந்த இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த, தூதுக்குழுவோடும் சேர்ந்து வேலை பார்த்த ஜெங் யூசியூ அந்தக் கூட்டத்தில் இருந்தார். தோட்டத்து ரோஜாச் செடியில் ஒரு கிளையை ஒடித்து, துணிக்குள் மறைத்துத் துப்பாக்கி முனைபோல நீட்டி மிரட்டினார் என்பது கதை. மிரட்டப்பட்டவர் யார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். சிலர் அமைச்சரே என்பார்கள். சிலர் அமைச்சரின் செயலாளர் என்பார்கள். கையில் காகிதப் பையோடு வெளியே வந்த செயலாளர்தான் மாட்டிக்கொண்டார் என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. நோயில் கிடக்கும் அமைச்சர் இருட்டுகிற நேரத்தில் தோட்டத்தில் உலாவ மாட்டார்.

மறுநாள் வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் சீனாவின் நாற்காலிகள் காலியாக இருந்தன. அது நடந்த உண்மை. ஆனால் ரோஜாக் குச்சியால்தான் காலியாக இருந்தன என்று நீங்கள் எழுதும்போதுதான் ஒரு வக்கீலாக எனக்கு ஆட்சேபணை எழுகிறது. சீனத் தூதுக்குழுவின் வெலிங்டன் கூவும் மற்றப் பிரதிநிதிகளும் கடைசி நாள்வரை ஒரு வழி தேடினார்கள். ஷாண்டோங் பற்றிய எங்கள் ஆட்சேபணையை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டு கையெழுத்திடுகிறோம் என்றார்கள். முடியாது என்றது மாநாடு. பின்னிணைப்பாக வைக்கிறோம் என்றார்கள். அதுவும் முடியாது. தனி அறிக்கையாவது தருகிறோம் என்றார்கள். கதவு மூடப்பட்டது. அதன் பிறகுதான் போகாமல் இருப்பது என்று முடிவானது. மாணவர்களின் முற்றுகை அந்த முடிவுக்கு ஒரு நெருக்கடி கொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு குச்சியின் வேலை என்று சுருக்கினால், மே 4இல் அடி வாங்கிய பிள்ளைகளும் வேலைநிறுத்தம் செய்த ஷாங்காய்த் தொழிலாளர்களும் எங்கே போவார்கள்? ஷாண்டோங் திரும்பி வந்ததும் 1922இல் வாஷிங்டனில் பேசி முடித்த உடன்படிக்கையின் மூலம்தான்.

அந்தக் குச்சியை அவர் பத்திரமாக வைத்திருந்தாராம். வைத்திருக்கட்டும். யாருக்குத்தான் தன் இளமைக் காலத்து வீரச்செயல் பிடிக்காது? அதை ஊர் ஊராகச் சொன்னவரும் அவரேதான். தன் கதையைச் சுவையாகச் சொல்லத் தெரிந்தவர். 1920லேயே பிரெஞ்சில் ஒரு நினைவுநூல் வந்துவிட்டது, அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆகவே அவர் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டது முழுக்க உங்கள் குற்றம் என்றும் சொல்லமாட்டேன்.

இத்தனைக்கும், வீரச்செயல்தான் வேண்டும் என்றால் அவரிடம் அதைவிடக் கனமான சரக்கு இருக்கிறது. 1891இல் குவாங்டோங் மாகாணத்தில், இன்றைய ஷென்ஷென் நகரத்துக்குள் அடங்கிவிட்ட சின்-ஆன் வட்டாரத்தில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பாதத்தை இறுகக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கப்படி கால் கட்ட வந்தபோது கட்டவிடவில்லை. சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பெரிய அதிகாரி ஒருவரின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். பதின்வயதில் அதைத் தானே முறித்துக்கொண்டார். அந்தக் காலத்துச் சீனக் குடும்பத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வீட்டு மானமும் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும். பிறகு ஜப்பான், அங்கே சுன் யாட்-சென்னின் தோங்மெங்ஹுய் புரட்சி அமைப்பு. வெடிகுண்டுகளைப் பெட்டியில் வைத்து தியான்ஜினிலிருந்து பெய்ஜிங்குக்கு ரயிலில் கொண்டுபோனதாக அவரே எழுதியிருக்கிறார். மஞ்சு அரசவம்சம் ஆடிக்கொண்டிருந்த 1912 ஜனவரியில் பெய்ஜிங்கில் இரண்டு குண்டுவீச்சுகள். 16ஆம் தேதி மஞ்சு அரசின் பிரதமர் யுவான் ஷிகாய்மீது. அவர் தப்பினார், காவலர்கள் செத்தார்கள், வீசிய இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 26ஆம் தேதி அரண்மனைத் தரப்பின் தளபதி லியாங் பிமீது. வீசிய பெங் ஜியாஜென் அங்கேயே மாண்டார். லியாங் பி பிழைக்கவில்லை. பிப்ரவரி 12இல் குழந்தைச் சக்கரவர்த்தி பதவி துறந்தார். இந்த வட்டாரத்தில் நடமாடியவர் ஜெங்.

இதைப் பெண்பிள்ளைகளின் மலரில் போடத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. குண்டு என்றால் பெற்றோர் சங்கத்தில் யாராவது கேள்வி கேட்பார்கள். ரோஜா என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பெண் புரட்சிக்காரிக்கு எப்போதும் பூவோடு ஒரு படம் போதும் என்று நமக்குள் ஏதோ ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ‘முதல் பெண் வக்கீல்’ என்று மூன்று வார்த்தையில் கடந்துவிட்டீர்களே, அது எப்படி நடந்தது என்று யாராவது கேட்டீர்களா?

புரட்சி வென்று குடியரசு வந்தது. அந்தப் புதிய குடியரசு 1912லேயே வக்கீல்களுக்கான தற்காலிக விதிகளைப் போட்டது. வக்கீலாக யாருக்குத் தகுதி? இருபது வயது நிரம்பிய ஆண். விதியிலேயே ‘ஆண்’ என்று எழுதியிருந்தது. எந்த ஆட்சி வருவதற்காக ரயிலில் குண்டு சுமந்தாரோ, அந்த ஆட்சியின் முதல் வேலைகளில் ஒன்று அவரைக் கோர்ட்டுக்கு வெளியே நிறுத்தியது. யுவான் ஷிகாய் ஜனாதிபதியாகிப் பழைய தோழர்களை வேட்டையாடத் தொடங்கிய காலம் அது. ஜெங் பிரான்சுக்குப் போனார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1925இல் டாக்டர் பட்டம். ஆய்வேட்டின் பொருள் சீனாவின் அரசியலமைப்பு இயக்கம்.

ஷாங்காய்க்குத் திரும்பி வந்தபோதும் அந்த ‘ஆண்’ விதி அப்படியே இருந்தது. சீனக் கோர்ட்டில் அவர் நிற்க முடியாது. ஆனால் ஷாங்காயில் பிரெஞ்சு ‘கன்செஷன்’ இருந்தது. சீன மண்ணில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த, பிரெஞ்சுக்காரர் போலீஸ் ரோந்து போன, பிரெஞ்சுக்காரர் சொல் எடுபட்ட நீதிமன்றம் நடந்த பகுதி. பாரிஸில் வாங்கிய சட்டப் பட்டம் அங்கே செல்லுபடியானது. தன்னோடு பாரிஸில் படித்த வெய் தாவ்மிங்கோடு சேர்ந்து அங்கே அலுவலகம் திறந்தார். பிறகு அவரையே மணந்துகொண்டார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். 1919இல் சீன மண்ணில் அந்நியனுக்கு உரிமை தரக்கூடாது என்று தோட்டத்தில் நின்று மிரட்டிய அதே பெண், ஏழு வருடம் கழித்து வக்கீல் அங்கி போட முடிந்தது சீன மண்ணில் அந்நியனுக்கு இருந்த உரிமையால். நாடு தராததை ஆக்கிரமிப்பு தந்தது. இந்த முரணை அவர் எப்படித் தாங்கினார், இரவில் யோசித்தாரா, சிரித்துக்கொண்டாரா என்பதெல்லாம் என் கற்பனைக்கு உரியது. ஆனால் எனக்கு ரோஜாவைவிட இந்த இடம்தான் பிடிக்கிறது. படிக்கும் பிள்ளைகள் வாதம் செய்யக் கற்றுக்கொள்வது இங்கேதான். உங்கள் பெட்டியில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

1927இல் புதிய வக்கீல் விதிகள் வந்தன. ‘ஆண்’ போனது. (நமக்கு அந்தக் கதவு 1923ஆம் வருடச் சட்டத்தால் திறந்தது. நான்கு வருடம் முந்திக்கொண்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், கொஞ்ச நேரத்துக்கு.) அதே 1927இல் ஷாங்காய் உள்ளூர் நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பில் ஜெங் நியமிக்கப்பட்டார். அவர் எடுத்த வழக்குகளில் ஊரே பேசியது ஒன்று உண்டு. மேடையில் கிழவர் வேடம் கட்டிப் புகழ்பெற்ற பாடகி மெங் சியாவ்டோங், பெண் வேடத்தில் உலகப் புகழ் பெற்ற மேய் லான்ஃபாங்கை விட்டுப் பிரிந்தபோது ஜெங்கைத்தான் வக்கீலாக வைத்துக்கொண்டார். ஆணாக நடித்த பெண், பெண்ணாக நடித்த ஆண், நடுவில் பிரான்சில் படித்த பெண் வக்கீல். பத்திரிகைக்காரர்களுக்கு எவ்வளவு தீனி கிடைத்திருக்கும்! மெங்கின் சிக்கல் என்னவென்றால் மேய்க்கு ஏற்கெனவே மனைவி உண்டு. தான் யார், மனைவியா துணைவியா என்பதே கேள்வி. என் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் வாசலில் நின்று கேட்பது இதைத்தான்.

1929 ஜனவரியில் நான்ஜிங்கைத் தலைநகராகக் கொண்ட அன்றைய சீன அரசு சிவில் சட்டம் எழுத ஐவர் குழுவை அமைத்தது. ஃபூ பிங்சாங், ஜியாவ் யிதாங், ஷி ஷாங்குவான், லின் பின், ஜெங் யூசியூ. நான்கு ஆண், ஒரு பெண். பின்னால் ஜெங்கின் இடத்துக்கு வாங் யோங்பின் வந்தார். ஆகவே எந்தப் பிரிவு அவர் கைப்பட எழுதியது என்று யாரும் கை வைத்துச் சொல்ல முடியாது. ‘சீனாவின் குடும்பச் சட்டத்தை எழுதிய பெண்’ என்று அடுத்த வருடம் நீங்கள் போட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஐவர் மேசையில் ஒருவர் என்று போடுங்கள், போதும்.

குடும்பம், வாரிசுரிமை இரண்டும் பற்றிய பாகங்கள் 1930 டிசம்பர் 26இல் வெளியாகி 1931 மே 5இல் நடைமுறைக்கு வந்தன. நிச்சயம் பற்றி முன்னாலேயே சொன்னேன். வாரிசுரிமையில் வழிவந்த பிள்ளைகள் என்று மட்டும் இருக்கும். ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. கல்யாணமாகிப் போன மகளுக்கும் பங்கு. கணவன் இறந்தால் மனைவிக்குப் பிள்ளைகளோடு சமபங்கு. நம் இந்துச் சட்டத்தில் மகளுக்கு அப்பாவின் சொத்தில் மகனோடு சமபங்கு 1956இல்தான் வந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுக்க 2005இல். நான்கு வருடப் பெருமை இப்படிக் காற்றில் போனது.

விவாகரத்துக்கு இரண்டு வழி. இருவரும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டு இரண்டு சாட்சி வைத்தால் தீர்ந்தது. கோர்ட்டுப் படி ஏற வேண்டாம், வாய்தா இல்லை. (நம் இந்துத் திருமணச் சட்டத்தில் சம்மத விவாகரத்து 1976இல்தான் நுழைந்தது. அதற்கும் ஆறு மாதம் காத்திருப்பு.) ஒத்துக்கொள்ளாவிட்டால் பிரிவு 1052, பத்துக் காரணங்கள். அதில் நான்காவதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். கணவனின் பெற்றோர் மனைவியைக் கொடுமைப்படுத்திச் சேர்ந்து வாழ முடியாத நிலை வந்தால் விவாகரத்து. மாமியார் கொடுமைக்கு அப்படியே தனிப் பிரிவு! சிரிப்பு அடங்கி முழு வாக்கியத்தையும் படித்தால், மனைவி கணவனின் பெற்றோரைக் கொடுமைப்படுத்தினாலும் அவனுக்கு விவாகரத்து உண்டு. அவளைப் பெற்றவர்களை அவன் கொடுமைப்படுத்தினால்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

1930இல் எழுதிய வடிவில் இப்படித்தான் அந்தச் சட்டம் முழுக்க. ஒரு கை கொடுக்கும், இன்னொரு கை கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் மனைவி தன் பெயருக்கு முன்னால் கணவனின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பு கணவன் இருக்கும் இடம். குழந்தை விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகாவிட்டால் அப்பா சொல்வதே நடக்கும். துணைவிகளைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஒழிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. உறவினர் அல்லாதவர் நிரந்தரமாகச் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு வீட்டில் இருந்தால் குடும்ப உறுப்பினராகக் கருதப்படுவார் என்று 1123ஆம் பிரிவில் ஒரு பின்வாசல். துணைவிமார் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். ஒரு பெண் மேசையில் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். ஐந்தில் ஒன்று எவ்வளவு பேச முடியும் என்பது எந்தக் குழுவிலாவது ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அவரே எந்தப் பக்கம் பேசினார் என்பதும் தனிக் கேள்வி. அவர் புனிதவதி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கிராமத்துப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எட்டியது குறைவு. ஆனால் ஷாங்காய், பெய்ஜிங் போன்ற நகரங்களில் மனைவிமார் மனுவோடு கோர்ட்டுக்கு வந்தார்கள். பதின்வயதில் தன் நிச்சயத்தை முறித்துக்கொண்ட ஒருவர் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து, முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பெண்களுக்கு அதே உரிமை ஒரே வரியாகப் போய்ச் சேர்ந்தது. யாரையும் மிரட்டாமல், ஒரு பூகூட ஒடிக்காமல்.

அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் மாணவிகள் நம்பமாட்டார்கள். 1949 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி பழைய அரசின் சட்டங்களைப் பெருநிலத்தில் ஒரேயடியாக ரத்து செய்தது. தோற்ற அரசு தைவானுக்குப் போனபோது சட்டப் புத்தகமும் கூடவே போனது. அங்கே அந்த அப்பா-சொல்-அம்பலம் ஏறும் பிரிவை 1994இல் அரசியலமைப்பு நீதிபதிகள் செல்லாது என்றார்கள். (நம் உச்ச நீதிமன்றம் ‘அப்பாவுக்குப் பின்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் கண்டு அம்மாவையும் காப்பாளர் ஆக்கியது 1999இல்.) 2017 மே 24இல் ஒருபாலினத்தவர் திருமணம் பற்றித் தைவான் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னபோது மேசையில் திறந்திருந்தது அதே திருமண அத்தியாயம். 972ஆம் பிரிவில் இருந்த ‘ஆணும் பெண்ணும்’ என்ற சொற்கள் அன்றைக்குப் பெற்றோரின் பிடியிலிருந்து விடுவித்தவை. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் போனபின் அவையே வேலியாக நின்றன. சட்டச் சொல்லுக்கு இப்படியும் ஒரு ஆயுள் உண்டு.

கெட்ட பக்கத்தையும் மறைக்காதீர்கள். 1930களின் தொடக்கத்தில் ஜெங்மீது ஊழல் குற்றச்சாட்டு எழுந்தது, அரசின் கண்காணிப்பு அமைப்பிடமிருந்தே. கணவர் வெய் 1942 முதல் 1946 வரை வாஷிங்டனில் தூதர். ஜெங் தூதரின் மனைவி. 1943இல் நியூயார்க்கில் வந்த தன்வரலாற்றில் அவர் பெயர் ‘திருமதி வெய் தாவ்மிங்’. கணவன் பெயரை முன்னால் சேர்க்கும் பிரிவு அவர் நூலின் அட்டைவரை வந்துவிட்டது. 1947இல் தைவானில் பிப்ரவரி 28இல் தொடங்கிய எதிர்ப்பை அரசுப் படைகள் படுகொலைகளால் அடக்கிய சில மாதங்களில் வெய் அந்த மாகாணத்தின் முதல் ஆளுநராகப் போனார். கூடப் போனவர் இவரும்தான். 1959 டிசம்பர் 16இல் லாஸ் ஏஞ்சலஸில், புற்றுநோயில், சொந்த நாட்டிலிருந்து வெகு தொலைவில் இறந்தார். தலை வெட்டுப்பட்டுச் செத்த சீனப் புரட்சிக்காரி சியூ ஜின்னைப் பாடுவது எளிது, முப்பத்தோரு வயதோடு கதை முடிந்துவிடும். நீண்ட நாள் வாழ்ந்து, பதவியில் உட்கார்ந்து, பெயர் கெட்டு, தோற்ற பக்கத்தில் நின்ற பெண்ணை என்ன செய்வது என்று மலர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் 1919லேயே நிறுத்திவிடுகிறீர்கள்.

இடமிருந்தால் பக்கத்துப் பெட்டியை ஷி லியாங்குக்குக் கொடுங்கள். 1900இல் பிறந்தவர், ஷாங்காய் வக்கீல், உள்நாட்டிலேயே படித்தவர். ஜப்பானை எதிர்த்துப் போராடு என்று சொன்ன குற்றத்துக்காக 1936 நவம்பரில் ஏழு பேரைப் பிடிக்க அரசு ஆளனுப்பியது. ஆறு பேர் ஆண்கள். ஷி லியாங் தலைமறைவாகித் தன் வேலைகளை முடித்துவிட்டு டிசம்பர் 30இல் சூசோவில் தானே போய் ஆஜரானார். 1937 ஜூலை கடைசியில்தான் எல்லாரும் வெளியே வந்தார்கள். 1949இல் மக்கள் குடியரசின் முதல் நீதி அமைச்சர் அவர்தான். ஜெங் இருந்த மேசை மௌனம் காத்த துணைவி முறையை, 1950 மே 1இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் பெயர் சொல்லித் தடை செய்தது. ஆனால் 1959இல் அந்த நீதி அமைச்சகத்தையே அரசு கலைத்துவிட்டது. ஒருவர் எழுத அமர்ந்த சட்டம் பிழைத்து நாடு கைவிட்டுப் போனது. இன்னொருவருக்கு நாடு நிலைத்தது, அமைச்சகம் போனது. அந்த வருடமே, 1959லேயே, முன்னவர் லாஸ் ஏஞ்சலஸில் கண்மூடினார்.

நீளமாகப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும். பெட்டியில் முப்பது வார்த்தைக்குமேல் பிடிக்காது என்றும் தெரியும். அதனால் நானே எழுதித் தருகிறேன், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம்:

‘ஜெங் யூசியூ (1891–1959). தன் நிச்சயத்தைத் தானே முறித்தவர், புரட்சிக்காரி. சீன விதி பெண் வக்கீலை ஏற்காததால் ஷாங்காயின் பிரெஞ்சுப் பகுதியில் வழக்காடினார். 1929இல் சிவில் சட்டம் வரைந்த ஐவரில் ஒரே பெண். மகளுக்குச் சமபங்கு தந்தது அந்தச் சட்டம்.’

எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்குள் அடங்குகிறது. அதற்கும் இடம் போதாது என்றால், ரோஜாப் பூ ஓவியத்தை எடுத்துவிட்டால் கிடைக்கும்.

இப்படிக்கு,
குடும்பநலக் கோர்ட்டு வக்கீல் ஒருவர்

பி.கு.: உங்கள் மாணவி மேலும் தேட விரும்பினால் ஒரு பெயரில் தேடி நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரெஞ்சு நூல்களில் அவர் சூமே செங். சீன நூல்களில் ஜெங் யூசியூ. அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரும்பாலும் திருமதி வெய். மூன்றும் ஒரே ஆள்தான்.